அல்ட்ராவைடா, 32 இஞ்ச்சா? மானிட்டர் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிற தொழிலில் இருப்பதால் என் காதுக்கு வருகிற கேள்விகள் இவை. சென்னை, பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள், ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள், கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், டி.டி.பி. சென்டர்காரர்கள் என்று பலரும் கேட்பார்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: 34 இஞ்ச் அல்ட்ராவைடா (வழக்கத்தை விடப் பக்கவாட்டில் நீண்ட திரை), 32 இஞ்ச் சாதா மானிட்டரா? இரண்டும் விலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் குழப்பம் கூடுதல்.

34 இஞ்ச்னா 32-ஐ விடப் பெரிசுதானே அண்ணாச்சி?

இல்லை. கடையில் சொல்லும் இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. திரை நீளமாக நீளமாக அந்த அளவு கூடிக்கொண்டே போகும், பரப்பு அதே அளவுக்குக் கூடாது. 34 இஞ்ச் அல்ட்ராவைடு சுமார் 80 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம். 32 இஞ்ச் சாதா மானிட்டர் சுமார் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். பெருக்கிப் பார்த்தால் 32 இஞ்ச்தான் கொஞ்சம் பெரியது.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். 34 இஞ்ச் அல்ட்ராவைடின் உயரமும் 27 இஞ்ச் சாதா மானிட்டரின் உயரமும் ஒன்றுதான். ஒரு 27 இஞ்ச் மானிட்டருக்குப் பக்கவாட்டில் 20 செ.மீ. ஒட்டுப்போட்டால் வருவதுதான் 34 அல்ட்ராவைடு. 29 இஞ்ச் அல்ட்ராவைடு மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். அதன் உயரம் 28.6 செ.மீ.; வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற 24 இஞ்ச்சின் உயரம் 29.9. காசு கொடுத்து உயரத்தைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் பழைய செய்தித்தாளை ஒட்டி, 80-க்கு 33 ஒன்று, 71-க்கு 40 ஒன்று வெட்டி, மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கடையில் பத்து மாடலைப் பார்ப்பதை விட இது தெளிவு தரும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை வாங்க?

உங்கள் வேலை பக்கவாட்டில் ஓடுகிறதா, மேலிருந்து கீழே ஓடுகிறதா என்று பாருங்கள். வீடியோ டைம்லைன், அகலமான எக்செல், மூன்று ஜன்னலை ஒரே நேரத்தில் திறந்து வைக்கிற வேலை என்றால் அல்ட்ராவைடு. எழுத்து, பி.டி.எஃப்., கோடிங், பக்க வடிவமைப்பு, வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்துவது என்றால் 32 இஞ்ச் 4கே. எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை என்றால் 32-க்குப் போங்கள். அகலத்தில் பற்றாக்குறை வந்தால் பழைய மானிட்டரைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம். உயரத்தில் பற்றாக்குறை வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

4கேன்னா எழுத்து எறும்பு மாதிரி தெரியும்கிறாங்களே?

அப்படியே விட்டால் தெரியும். 34 அல்ட்ராவைடில் 3440-க்கு 1440 புள்ளிகள் (பிக்சல்), மொத்தம் ஏறக்குறைய 49.5 லட்சம். 4கேயில் 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். ஒரு இஞ்சுக்குள் அல்ட்ராவைடில் 110 புள்ளி, 32 இஞ்ச் 4கேயில் 138. அதனால் எழுத்து சிறுக்கும். விண்டோஸ் செட்டிங்கில் ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தும் பட்டனும் தெரிகிற அளவை, 125 அல்லது 150 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். 150 வைத்தால் வேலை செய்யக் கிடைக்கும் இடம் 2560-க்கு 1440, அதாவது அல்ட்ராவைடை விடக் குறைவு; எழுத்து மட்டும் வெட்டிவைத்த மாதிரி கூர்மையாக இருக்கும். 125 வைத்தால் 3072-க்கு 1728, மொத்த இடத்தில் அல்ட்ராவைடை முந்திவிடும். கண்ணாடி போடாத இளவட்டங்களுக்கு 125 ஒத்துவரும். நாற்பதைத் தாண்டியவர்கள் 150-க்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

வாங்கும்போது இஞ்ச்சை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 32 இஞ்ச்சில் ஃபுல் எச்.டி. (1920-க்கு 1080 புள்ளி) என்று ஒன்று விற்கிறார்கள். இஞ்சுக்கு 69 புள்ளிதான். 34 அல்ட்ராவைடிலும் 2560-க்கு 1080 என்று ஒன்று உண்டு, அதில் 82. இரண்டுமே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து படிக்க ஆகாது.

நான் நாள் முழுக்கத் தமிழ்ல டைப் பண்றவன். எனக்கு எது?

32 இஞ்ச் 4கே, யோசனையே வேண்டாம். நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் சின்ன அளவில் பிரித்துக் காட்டப் புள்ளிகள் வேண்டும். இஞ்சுக்கு 92 புள்ளி உள்ள 24 இஞ்ச் ஃபுல் எச்.டி. மானிட்டரில், 9 பாயின்ட் அளவில் ‘ண்ணு’ என்று அடித்துப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே உள்ள புள்ளியும் எழுத்தோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் அடிக்கிறவர்கள் பிழை பார்க்க 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குவதும் திரும்பச் சுருக்குவதுமாக இருப்பது இதனால்தான். 4கேயில் அந்த வேலை பாதியாகிவிடும்.

நோட்டீஸ் என்றாலே நின்ற வாக்கில் உள்ள தாள் வேறு. ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. 32 இஞ்ச் திரையில் மேலே கீழே மெனு போகவும் முழுத்தாள் அசல் அளவில் நிற்கும். 33 செ.மீ. உயர அல்ட்ராவைடில் தாளே இடத்தை அடைத்துவிடும், மெனுவுக்கு இழுபறிதான்.

கணக்கு வேலை. டேலி, எக்செல், ஜி.எஸ்.டி. போர்ட்டல் மூன்றும் திறந்தே இருக்கும்.

இங்கே அல்ட்ராவைடு கை கொடுக்கும். மாதாமாதம் 14-ம் தேதி ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் 2பி, நடுவில் பதிவேடு, வலது பக்கம் சப்ளையர் அனுப்பிய பில்லின் பி.டி.எஃப். அகலத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1146 புள்ளி கிடைக்கும். ஜன்னல் மாற்றி மாற்றி, எந்த எண்ணைப் பார்த்தோம் என்று மறந்து, மறுபடி போய்ப் பார்க்கிற அலைச்சல் இல்லை. எக்செல்லைத் தனியாக விரித்தாலும் ஃபுல் எச்.டி.யில் 30 காலம் (நெடுவரிசை) அளவுக்குத் தெரிவது இதில் 50-ஐத் தாண்டும்.

விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீயையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் மூன்று பாகமாகப் பிரிக்கிற கட்டம் வரும். இதைப் பழகாதவர்களுக்கு அல்ட்ராவைடு வீண். ஒரே டேலி ஜன்னலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து விட்டு, நடுவில் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சாஃப்ட்வேர் வேலை. தினமும் மீட்டிங், ஸ்க்ரீன் ஷேர் உண்டு.

கோடிங் வரிகள் மேலிருந்து கீழே ஓடுபவை. வரிக்கு 20 புள்ளி என்று வைத்தால் 1440 உயரத்தில் 72 வரி, 125 ஸ்கேலிங்கில் உள்ள 4கேயில் 86 வரி. இரண்டிலும் மெனு பட்டைகளுக்கு உள்ளதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கோடிங், மறுபக்கம் பிரவுசர் என்றால் அல்ட்ராவைடிலும் சுகம்தான்.

ஸ்க்ரீன் ஷேர் என்று வந்தால்தான் வில்லங்கம். அல்ட்ராவைடு முழுவதையும் பகிர்ந்தால், எதிர்முனையில் 14 இஞ்ச் லேப்டாப் வைத்திருப்பவருக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் நடுவில் படிக்க முடியாத எழுத்தும்தான் தெரியும். “தம்பி, கொஞ்சம் ஜூம் பண்ணுங்க” என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முழுத்திரைக்குப் பதில் ஒரு ஜன்னலை மட்டும் பகிர்கிற பழக்கம் வேண்டும்.

அல்ட்ராவைடில் பல மாடல்களுக்கு இரண்டு கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகக் காட்டுகிற வசதி உண்டு. கம்பெனி லேப்டாப் ஒரு பாதி, சொந்த கம்ப்யூட்டர் மறுபாதி. கங்கைகொண்டான் ஐ.டி. பார்க்கிலோ தென்காசிப் பக்கமோ ஆபீஸ் போய்விட்டு, பாதி நாள் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பிடித்துப்போகிறது. எம்1, எம்2 மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் வெளித்திரை ஒன்றுதான் மாட்ட முடியும் என்பதால் அவர்களுக்கும் அல்ட்ராவைடு பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

கல்யாண வீடியோ எடிட்டிங்?

அல்ட்ராவைடு. முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா, கூடவே ட்ரோன், மேளம் தனி டிராக். டைம்லைன் நீளமாக விரிந்தால் தாலி கட்டுகிற இடத்தைத் தேடி இழுத்து இழுத்துப் போக வேண்டாம். 32 இஞ்ச்சிலும் செய்யலாம், ஆனால் கை தானாக அகலத்தைத் தேடும். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் வருமானத்தில் பாதி நின்ற வாக்கில் உள்ள ரீல்ஸ் என்றால் உயரம்தான் உதவும், மேலே சொன்னதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சினிமா பார்க்க அல்ட்ராவைடுதான் பெஸ்ட்டாமே?

சினிமாஸ்கோப் படத்துக்கு மட்டும். நம் படங்களில் பல 2.39-க்கு 1 என்ற விகிதத்தில் எடுப்பவை. அது அல்ட்ராவைடில் ஏறக்குறைய முழுத்திரைக்கும் நிறையும். ஆனால் கிரிக்கெட், செய்தி, சீரியல், யூடியூப் எல்லாம் 16-க்கு 9. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் 440 புள்ளி கறுப்பாக நிற்கும், நீங்கள் பார்ப்பது ஒரு 27 இஞ்ச் மானிட்டர்தான்.

இன்னும் எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. யூடியூபில் வரும் படங்களில் பல, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சேர்த்தே ஏற்றப்பட்டவை. அல்ட்ராவைடில் போட்டால் நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்ட மாதிரி நடுவில் சின்னதாகப் படம் ஓடும். பிரவுசரில் ஜூம் எக்ஸ்டென்ஷன் போட்டுச் சரிக்கட்டலாம், ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுத்து மாளாது.

கேம்ஸ்?

கார் ஓட்டுகிற, ஊர் சுற்றுகிற விளையாட்டுகளில் அல்ட்ராவைடு அருமை. போட்டி விளையாட்டு ஆடுகிறவர்கள் 27 இஞ்ச்சிலேயே இருங்கள். 4கேக்கு அல்ட்ராவைடை விட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் புள்ளிகளை கிராஃபிக்ஸ் கார்டு வரைய வேண்டியிருக்கும், செலவு அங்கே ஏறும்.

வளைவு வேணுமா, நேரா வேணுமா?

1800 ஆர் என்று போட்டிருந்தால் அந்த வளைவு 1800 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 1000 ஆர் என்றால் இன்னும் அதிகமாக வளைந்தது. 80 செ.மீ. அகலத்துக்கு லேசான வளைவு நல்லது, ஓரங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் வரும். 32 இஞ்ச்சுக்குத் தேவையே இல்லை. வீட்டு பிளான் போடுகிறவர்களும் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறவர்களும் நேரான திரையே வாங்குங்கள். நேர்கோடு லேசாக வளைந்து தெரிவது அவர்களுக்கு ஒத்துவராது. மேற்கு ஜன்னலுக்கு எதிரே போடுவதானால், சாயங்கால வெயிலை வளைந்த திரை இன்னும் நீளமாக இழுத்துக் காட்டும்.

கழுத்து வலிக்காதா?

எதில் வலிக்கும் என்பது உங்கள் உயரத்தையும் கண்ணாடியையும் பொறுத்தது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். 32 இஞ்ச் திரை 40 செ.மீ., ஸ்டாண்ட் கீழே ஒரு 10 செ.மீ. தூக்கும், ஆக மேசையிலிருந்து 50. உட்கார்ந்த நிலையில் பலருக்கும் கண் அதற்குக் கீழேதான் இருக்கும். சாதாரணக் கண்ணாடிக்காரர் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்துக்கொள்வார். பைஃபோகல், புரோகிரெசிவ் கண்ணாடிக்காரர் அப்படிச் செய்ய முடியாது. கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கித்தான் பார்ப்பார். நாள் முழுக்க அப்படி இருந்தால் பிடரி பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு 33 செ.மீ. உயர அல்ட்ராவைடு நிஜமாகவே நல்லது. அல்லது 32-ஐ நன்றாகக் கீழே இறக்குகிற ஸ்டாண்டோடு வாங்க வேண்டும்.

எங்க வீடு வளவு வீடு. ரூம் குறுகல், மேசை நாலுக்கு ரெண்டு அடி.

நாலடி என்பது 122 செ.மீ. 80 செ.மீ. அல்ட்ராவைடு தாராளமாக உட்காரும், பிரின்டருக்குத்தான் இடம் போகும். சிக்கல் ஆழத்தில். இரண்டடியில் ஸ்டாண்டின் கால் 20 முதல் 25 செ.மீ. தின்றுவிடும், திரை மூஞ்சிக்கு நேரே வந்து நிற்கும். 32 இஞ்ச்சுக்குக் கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரம் இருந்தால் நல்லது. மானிட்டர் ஆர்ம் மாட்டிச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் இந்த இடம் மிச்சமாகும். மானிட்டருக்குப் பின்னால் 100-க்கு 100 மி.மீ. இடைவெளியில் நாலு துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பலர் வீட்டில் மேசைக்குப் பதில் சுவரில் பதித்த கடப்பா கல்தான். அதில் ஆர்மைக் கவ்வி முறுக்காதீர்கள், கல் விளிம்பில் விண்டுவிடும். கண்ணாடி மேசைக்கும் அதே பேச்சு. சுவரில் துளை போட்டு மாட்டுங்கள், சுவர் உங்களுடையதாக இருந்தால்.

அதுக்கு ரெண்டு 24 இஞ்ச் வாங்கிட்டா?

விலை குறைவுதான். இரண்டும் சேர்ந்து 106 செ.மீ. அகலம், நடுவில் இரண்டு சட்டம். நேராகப் பார்க்கிற இடத்தில் சட்டம் இருக்கும் என்பதால் ஒன்றை நேரே வைத்து மற்றதை ஓரமாகத் திருப்பி வைப்பீர்கள். அப்படி முக்கியத் திரை ஒன்று, எட்டிப் பார்க்கிற திரை ஒன்று என்று வேலை பிரிகிறவர்களுக்கு இது போதும்.

43 இஞ்ச் 4கே டிவியே அந்தக் காசுக்கு வருதே?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. இஞ்சுக்கு 102 புள்ளி, ஸ்கேலிங்கே வேண்டாம், நாலு ஃபுல் எச்.டி. திரையை அடுக்கியது போல இடம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அகலம் 95, உயரம் 53 செ.மீ.; இரண்டடி மேசையில் வைத்தால் மேல் மூலையைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பல டிவிகள் வண்ணத் தகவலைச் சுருக்கிக் காட்டுவதால், சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் வந்தால் ஓரம் கரைந்து தெரியும். வாங்கியே தீருவேன் என்றால், 4:4:4 காட்டுமா (வண்ணத்தைச் சுருக்காமல் காட்டுமா) என்று கேளுங்கள், உள்ளீட்டுக்கு ‘பி.சி.’ என்று பெயர் வைத்துப் பாருங்கள், மேசையை மூன்றடி ஆழத்துக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டர் தூங்கினால் டிவி தானாகத் தூங்காது, ரிமோட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஓலெட்?

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற திரை இது. சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் கண்ணைப் பறிக்கும். நாள் முழுக்க ஒரே மெனு ஒரே இடத்தில் நிற்கிற அலுவலக வேலைக்கு வேண்டாம், தடம் பதியும். 2022-ல் வந்த முதல் தலைமுறை கியூ.டி. ஓலெட் அல்ட்ராவைடுகளில் எழுத்தின் ஓரத்தில் பச்சையும் ரோஸும் நிழலடிக்கும். பழையது விலைக்கு வந்தால் இதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பழைய லேப்டாப்ல மாட்டினா ஓடுமா?

எச்.டி.எம்.ஐ. 1.4 உள்ள லேப்டாப்பில் 4கே நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்துப் போகும், ஒரு மணி நேரத்தில் கண் சலித்துவிடும். 60-க்கு எச்.டி.எம்.ஐ. 2.0, அல்லது டிஸ்ப்ளேபோர்ட், அல்லது படம் அனுப்பத் தெரிந்த டைப்-சி வேண்டும். எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது. லேப்டாப் மாடலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சார்ஜும் படமும் ஒரே வயரில் வருகிற மானிட்டர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம்.

கரண்டு போய்ப் போய் வருதே, பெரிய மானிட்டர் தாங்குமா?

மானிட்டர் பெரிய கரண்டு தின்னி இல்லை. இந்த அளவு திரைகள் 30 முதல் 60 வாட்டுக்குள் அடங்கும், வழக்கமான 600 வி.ஏ. யு.பி.எஸ். போதும். யு.பி.எஸ்ஸின் பின்னால் பேட்டரி இணைப்புள்ள துளையில்தான் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிலவற்றில் பேட்டரி இல்லாத துளையும் இருக்கும். பழைய வீட்டில் எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் லேப்டாப் உடம்பைத் தொடும்போது சுள்ளென்று இருக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கோடு லேன் வயரையும் பிடுங்கி வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய தெருவில் இருப்பவர்களுக்கு, யு.பி.எஸ்ஸைத் தரையில் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

32-க்கு மேல போனா வரி கூடவாமே?

முன்பு அப்படித்தான். 2019 ஜனவரி 1 முதல் 32 இஞ்ச் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28 என்று இருந்தது; 34 அல்ட்ராவைடு அந்த இரண்டு இஞ்ச்சுக்காகவே அடி வாங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18-தான். பழைய பேச்சை வைத்து யாராவது விலை சொன்னால் பில்லில் வரி போட்டிருக்கிற இடத்தைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள தொழில்காரர்கள் அந்த எண்ணைப் போட்டே பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனா, டவுன்ல கடையிலயா?

விலை ஆன்லைனில் குறைவாக இருக்கலாம். அம்பாசமுத்திரம், வள்ளியூர் மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்வார்களா என்று முதலில் கேளுங்கள். திரை உடைந்தால் வாரண்டி பேசாது. பெட்டியைப் பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுங்கள். மாட்டியதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கும் நிறம் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். கடையில் வாங்கினால் பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் வைத்துக் கொண்டுபோகிற வேலை வேண்டாம், 34-ன் பெட்டி ஒரு மீட்டருக்கு நெருங்கும். ஆட்டோ பிடியுங்கள்.

பழைய 24 இஞ்ச்சை என்ன பண்ண?

கொடுத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நிமிர்த்தித் திருப்புகிற ஸ்டாண்ட் இருந்தால், 32-க்கு இடது பக்கம் நெட்டுக்குத்தாக நிறுத்தி, பட்டா, பத்திர பி.டி.எஃப்., வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுங்கள். அல்ட்ராவைடு வாங்கியவர்கள் பக்கத்தில் இன்னொன்று வைத்தால் நாலடி மேசை நிறைந்துவிடும். பழைய 24-ஐப் பிள்ளைகள் படிக்கிற அறைக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.